சுவரைத் தாண்டி ஓடும் பிளேனர்

வாங்க வாங்க. கீழ பாத்து வாங்க, இரும்புச் சீவல் கெடக்குது, செருப்பைக் கிழிச்சுப் போடும். எந்த ஊருங்க? ஓசூரா? அட கெரகமே, அவ்ளோ தூரத்துல இருந்து இந்த ஒரு ஃபோட்டோவை நம்பியா பஸ் ஏறினீங்க? காட்டுங்க பாக்கலாம். ஆமாங்க, இதே பிளேனர் மெஷின்தான். ஃபோட்டோல என்னையவிட நல்லா இருக்குது. இது புரோக்கர் தேவராஜ் போன வருசம் வாட்ஸப்புல போட்டதுங்க. மெஷின் வித்து எத்தனை மாசமாச்சு, அந்தாளு இன்னும் ஃபோட்டோவை எடுக்கலை பாருங்க. கோவிச்சுக்காதீங்க. வந்தது வந்துட்டீங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சித்த உக்காருங்க.

வித்தாச்சுன்னா மெஷின் எப்பிடி இங்கியே நிக்குதுன்னுதான பாக்கறீங்க? வித்தாச்சுங்க, நகரலை. நானும் நகரலை. போன தை மாசமே பட்டறையைப் பூட்டிட்டு, சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸுல மக ஊட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் நானு. மக இந்துமதி அங்க எங்களுக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கி வச்சிருக்கறா, ஃபேனெல்லாம் மாட்டி. முட்டி தேஞ்சு போச்சு, இரும்போட மல்லுக்கட்டினது போதும்ப்பாங்கறா. அவ சொல்றதும் சரிதான். மெஷினை வித்தாத்தான் போக முடியும்னு இருந்தேன். வித்தும் போக முடியலை. இந்தக் கதையைச் சொல்றதுக்கு எனக்கும் ஆளு கெடைக்கலை. சம்சாரத்துகிட்டச் சொன்னா சிரிக்கறா.

தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க. காசா பணமா. இந்த மேசை இருக்குதுல்லீங்க, இதுமேலதான் ஜாப்பை, அதான் சீவ வேண்டிய இரும்பை, வச்சுக் கட்டறது. மேல நிக்குதே டூல், அது அங்கியே நிக்கும். மேசைதான் ஜாப்பைத் தூக்கிக்கிட்டு முன்னயும் பின்னயும் ஓடும். போறப்ப ஒரு சீவு, வர்றப்ப சும்மா. அவ்ளோதாங்க பிளேனர். இந்த வார்ப்பு இருக்குதே, இப்பக் கெடைக்காது. புது வார்ப்பு வாங்கினா ரெண்டு வருசத்துல கோணிக்கும். இது கோண வேண்டியதெல்லாம் எங்கப்பன் காலத்துலயே கோணி, அவரே சீவிச் சரி பண்ணியும் வச்சுட்டாரு. இனி இது கோணாது. கோணறதா இருந்தா ஓட்டறவன்தான் கோணோணும்.

பழைய மெஷினுக்கு மூணு வெலைங்க, உங்களுக்குத் தெரியாததா. ஓட்டத்துல இருக்குதுன்னா ஒரு வெலை. மேல இருக்கறதைக் கழட்டி வீசிட்டு, அடியில மேசையத் தாங்கற பெட்டு, அந்த நீள வார்ப்பை மட்டும் வச்சுக்கிட்டு மில்லிங் தலை மாட்டிக்கறேன்னா ஒரு வெலை. எடைக்குன்னா ஒரு வெலை. வர்றவன் மொதல் வெலைக்குப் பாப்பான், ரெண்டாவது வெலையை மனசுல வச்சுக்குவான், வாயைத் தொறந்து மூணாவது வெலையைக் கேப்பான். நீங்களும் அப்பிடித்தான் வந்திருப்பீங்க. சும்மா சொன்னேன், சிரிங்க.

என்னது? அந்த ஓட்டையா? கேக்கலையேன்னு பாத்தேன். சுவத்துல இருக்கற அந்த ஓட்டையைக் கேக்காம இந்தப் பட்டறைக்கு வந்துட்டுப் போனவன் ஒருத்தன் இல்லை. ஈ.பி.க்காரன்கூட ரீடிங் எடுக்கறதை விட்டுட்டு அதைத்தான் கேட்டான்.

சொல்றேன். சுவத்துக்கு அக்கட்டால என்ற தம்பி பட்டறைங்க. வெள்ளிங்கிரின்னு பேரு. ஒருகாலத்துல ரெண்டும் ஒரே பட்டறை, எங்கப்பன் கட்டினது. மெஷினை எறக்கி உக்கார வச்சுட்டுத்தான் மேல கூரையே போட்டாரு. அப்பன் காலமாகி, காரியம் முடிஞ்ச ஈரம் காயலை, இந்த வெள்ளிங்கிரி ஒரு பழைய இரும்புக்காரனைக் கூட்டிட்டு வந்து இந்த மெஷினைச் சுத்திச் சுத்திக் காட்டறான். ‘அண்ணா, இதை எடைக்குப் போட்டுட்டு ரெண்டு புது லேத்து வாங்கலாம்’ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ‘அப்பன் மெஷினை எடைக்காடா போடறே? எடைக்கா போடறே?’ன்னு கேட்டேன். கணபதி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டுருக்கும். அவனும் என்னமோ சொன்னான், நானும் என்னமோ சொன்னேன். அதோட பாகம் பிரிச்சாச்சு. பேச்சும் நின்னு போச்சு. மெஷின் எனக்கு, பெரிய கேட்டு இருக்கற பக்கம் அவனுக்கு.

எங்க தாய்மாமன்தான் கயிறு புடிச்சு அளந்து கோடு போட்டாரு. நடுவுல சுவரு. கட்டி முடிக்கற வரைக்கும் தூசி படும்னு மெஷினுக்குத் தார்ப்பாய் போத்தி வச்சிருந்தோம். நிக்கற மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல தாராளமா நாலடி எடம் இருந்துச்சுங்க. எல்லாரும் பாத்தோம், தலையாட்டினோம். ஒருத்தருக்கும் தோணலை பாருங்க, மேசை நிக்கறது ஒரு நீளம், ஓடறது ரெண்டு நீளம்னு. பொறந்ததுல இருந்து இந்த மெஷினைப் பாத்தவனுங்க நாங்க ரெண்டு பேரும்! கோவத்துல இருந்தா மனுசனுக்குப் புத்தி வேலை செய்யாதுங்கறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஒரு நல்ல நாள் பாத்து, பூசணிக்கா ஒடைச்சு, கற்பூரம் காட்டி, ஸ்விட்சைப் போட்டேன். மேசை போச்சு, போச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு. ஈரச் சுவரு. அப்பிடியே மொத்தமாத் தள்ளிக்கிட்டு அக்கட்டால போயிருச்சுங்க! அந்தப் பக்கம் அவனும் அதே நல்ல நாள்ல பூஜை போட்டுக்கிட்டு இருக்கறான். மேசை நேரா போயி, சாமி படத்துக்கு முன்னால நின்னு, ஒரு தேங்கா மூடியை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துச்சு.

நீங்க சிரிக்கறீங்க. அன்னைக்கு ஒருத்தனும் சிரிக்கலை. ‘மெஷினைத் தள்ளி வெக்கச் சொல்லுங்க மாமா’ங்கறான் அவன். ‘சுவத்தைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க மாமா’ங்கறேன் நானு. ரெண்டு பேரும் மாமன் மூஞ்சியப் பாத்துத்தான் பேசறோம். மாமன் மேஸ்திரியைக் கூப்புட்டாரு. ‘இவனுகளோட மனுசன் பேச முடியாதப்பா. இடிஞ்ச எடத்தை அப்பிடியே சதுரமா வெட்டி, மேல ஒரு லிண்டலைப் போட்டு உட்டுரு’ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுதாங்க அந்த ஓட்டை. அன்னைல இருந்து என்ற மேசை அவன் பட்டறைக்குள்ள போயிப் போயி வருது. ஆள் குறுக்க வந்துரக் கூடாதுன்னு அவன் அந்தப் பக்கம் பைப்புல ஒரு வேலி மாதிரிப் போட்டிருக்கறான். பெயிண்டு வேற அடிச்சிருக்கறான், மஞ்சளும் கறுப்புமா.

பேச்சுவார்த்தை கெடையாதுங்க. சுத்தமாக் கெடையாது. அதுல நான் கெட்டி. பதினோரு மணிக்கு டீ வரும், அது வேற. வெள்ளிங்கிரி சம்சாரம் லோகநாயகி நல்ல புள்ளைங்க. மேசை அக்கட்டால போறப்ப ஒரு டம்ளரை வச்சு உடுவா, இங்க வரும், நான் எடுத்துக் குடிப்பேன், காலி டம்ளரை வச்சா அங்க போயிரும். டீக்கும் பேச்சுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க ஊட்டுல கலாமணி பணியாரம் சுட்டா ஒரு தட்டு போகும். கலாமணின்னா என்ற சம்சாரம். பேப்பரை நான் படிச்சுட்டு வச்சு உடுவேன், அவன் படிச்சுட்டுத் திருப்பி அனுப்புவான். அவன் கொழந்தைக ரிப்போர்ட்டு கார்டுகூட வந்திருக்குது. மார்க்கைப் பாத்துட்டுத் திருப்பி உட்டேன். ஒரு வார்த்தை பேசலையே! மானம் ரோசம்னு ஒண்ணு இருக்குதுல்ல.

இந்த டீயை நான் எதுக்குச் சொல்றேன்னா, மெஷினோட தரத்தைச் சொல்றதுக்குத்தான். இத்தனை டன் மேசை முழு ஓட்டம் ஓடி, நின்னு, திரும்பி வருது. மேல இருக்கற டம்ளர்ல ஒரு சொட்டு சிந்தாதுங்க. பழைய மெஷினை வெலை பேச வர்றவங்க எத்தனையோ கருவி கொண்டுட்டு வர்றாங்க, ஸ்கேலுங்கறாங்க, டயலுங்கறாங்க. ஒரு டம்ளர் டீயை வச்சுப் பாத்தா முடிஞ்சு போச்சு.

நடுவுல ஒருக்கா அவனுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்து ஆபரேசன் பண்ணினாங்க. நான் போகலீங்க. பேச்சில்லாதவன் எப்பிடிப் போறது? அந்த ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்குது, அங்க டீ நல்லா இருக்கும், அதனால அந்த வாரம் முச்சூடும் அங்கதான் போயிக் குடிச்சேன். காலையில, மத்தியானம், சாயங்காலம். மிச்ச நேரம் இங்க வந்து மெஷினை ஓட்டினேன். ஜாப்பு ஒண்ணும் இல்லை, வெறும் மேசையத்தான் ஓட்டினேன். எண்ணெய் ஓட்டம் இருக்கோணும்ல. மேசை போகும், வெறுமையா வரும். போகும், வெறுமையா வரும். ஒரு நாள் போயிட்டு வந்தப்ப டம்ளர் இருந்துச்சு. சரி, ஆளு ஊடு வந்து சேந்துட்டான்னு தெரிஞ்சுது. எண்ணெயும் நல்லாப் பரவிருச்சு, ஸ்விட்சை அமத்திட்டேன்.

இப்பிடி ஓடிக்கிட்டு இருந்ததுங்க. போன வருசம் மக ஒரே புடியாப் புடிச்சா, தை பொறந்தா எங்ககூடத்தான் இருக்கோணும்னு. சரீன்னு தேவராஜுகிட்டச் சொன்னேன். அந்தாளு உடனே ஃபோட்டோ புடிச்சான். புடிக்கறப்ப ஓட்டைக்கு அக்கட்டால இருந்து ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. அதுல இருந்து ஆரம்பிச்சதுங்க அவன் லொள்ளு.

மொதல்ல ராஜபாளையத்துல இருந்து ஒரு மில்லுக்காரரு வந்தாரு. பெரிய மனுசன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான் சொன்னேன், ‘ஐயா, இப்ப ஒரு டம்ளர் வரும் பாருங்க, ஒரு சொட்டுச் சிந்தியிருந்துச்சுன்னா மெஷினைச் சும்மா எடுத்துட்டுப் போங்க’ன்னு. அவரும் குனிஞ்சு கிட்டப் போயிப் பாக்கறாரு. மேசை வருது. டம்ளர் இல்லீங்க, சொம்பு! விளிம்பு வரைக்கும் ததும்பத் ததும்ப ஊத்தி வச்சு உட்டிருக்கறான் பாவி. மேசை நின்னு திரும்பினதும் பாதி டீ அவரு மார்ல. லோகநாயகி அப்பிடிச் செய்ய மாட்டா. இது அவன் கைவேலை.

அப்பறம் சேலத்துல இருந்து ரெண்டு பேரு, மில்லிங் தலை மாட்டறவங்க. நல்லா வெவரமானவங்க. ஸ்கேலை வச்சாங்க, அளந்தாங்க, முகத்துல திருப்தி தெரியுது. வெலையைச் சொல்ல வாயைத் தொறக்கறாங்க, அக்கட்டால இருந்து இவன் ஃபோன்ல கத்தறான்: ‘ஆமாங்க, பெட்டுல விரிசலுங்க! மேல பெயிண்டு அடிச்சு மறைச்சுப் போட்டாங்க!’ன்னு. எந்த மெஷினைச் சொன்னானோ, ஆருகிட்டச் சொன்னானோ. இவங்க ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டாங்க. டீ வேண்டாம்னுட்டுக் கெளம்பிட்டாங்க. நான் ஓட்டைக்கிட்ட ஓடிப் போயிப் பாக்கறேன், அவன் கையில ஃபோனே இல்லீங்க. ஸ்பேனரைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறான்.

அடுத்து வந்தவங்களுக்கு வெளிய கொண்டுட்டுப் போறதுக்கு வழி வேணும். என்ற பக்கம் சந்து. மெஷின் போகோணும்னா அவன் பக்கத்துப் பெரிய கேட்டு வழியாத்தான் போகோணும். தேவராஜைத் தூது அனுப்பினேன். அந்தக் கேட்டுல இத்தனை வருசமா இல்லாத பூட்டு ஒண்ணு தொங்குது. சாவி தொலைஞ்சு போச்சாம். கேட்டு நடுவுல ஒரு லோடு மணல் வேற கொட்டி வச்சிருக்கறான். கட்டடம் ஒண்ணும் கட்டலை. சும்மா மணல்.

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசனுக்கு அண்ணன்மேல இவ்ளோ விரோதம் இருக்குமா? நான் ஊரை விட்டே போறவன். நிம்மதியாப் போயித் தொலையட்டும்னு உடலாமில்ல? கலாமணிகிட்டச் சொல்லிச் சொல்லி ஆத்தாமைப் பட்டேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டே, ‘ஆமாங்க, நெம்பத்தான் விரோதம்’னா. சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னாப்புல இருந்துச்சு. இவளும் அந்தப் பக்கம் சேந்துட்டாளோன்னு எனக்குச் சந்தேகம்.

தீவாளியும் வந்துட்டுப் போச்சு. மக தினம் ஃபோன் பண்றா. வாங்கறவன் ஒருத்தனும் திரும்பி வரலை. எனக்கு வெறுத்துப் போச்சுங்க. கடைசியாப் பழைய இரும்பு எடுக்கற ஒரு பாயைக் கூப்புட்டேன். அவரு சுத்திப் பாத்துட்டு, ‘கேட்டெல்லாம் எதுக்குண்ணே, இங்கியே கேஸ் வச்சு வெட்டித் துண்டு துண்டா எடுத்துக்கறேன்’னாரு. எடைக்குத்தான். வெலையும் பேசியாச்சு. கலாமணி கேட்டா, ‘ஏனுங்க, இதுக்குத்தான அன்னைக்குத் தம்பிகூட அப்பிடி ஓரியாட்டம் போட்டீங்க?’ன்னு. அது வேற, இது வேறன்னேன். ‘எப்பிடி வேற?’ன்னா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாதுன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வெட்டற அன்னைக்குக் காலையில பாயும் ஆளுகளும் வந்து சிலிண்டரை உருட்டிக்கிட்டு உள்ள வர்றாங்க. நான் இதா, இந்தத் தூணோரமா நிக்கறேன். எனக்கு மெஷினைப் பாக்கவே முடியலீங்க. எண்ணெய்த் துணிய எடுத்து மடிக்கறேன், பிரிக்கறேன், மறுக்கா மடிக்கறேன். துணி கசங்கிக் கெடந்துச்சு, அதனாலதான். ஒருத்தன் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தீயப் பத்த வச்சான். புஸ்ஸுன்னு சத்தம். அவ்ளோதான், அக்கட்டால தடதடன்னு ஓடற சத்தம். கேட்டைத் தொறக்கற சத்தம். சாவி கெடைச்சிருச்சு போல. ரோட்டைச் சுத்திக்கிட்டு, சந்துக்குள்ள பூந்து, இந்த வாசல்ல வந்து நிக்கறான் வெள்ளிங்கிரி. நெஞ்சு ஆபரேசன் பண்ணினவன், ஓடலாமுங்களா? மூச்சு வாங்குது. கையெல்லாம் கிரீஸு. பாகம் பிரிச்சதுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் இந்த வாசப்படிய மிதிக்கறான்.

‘எடுத்து வைடா சிலிண்டரை!’ன்னான். அப்பறம் என்னையப் பாத்தான். என் மூஞ்சியப் பாத்து, மாமன் மூஞ்சியப் பாத்து இல்லை, என் மூஞ்சியப் பாத்துக் கேக்கறான்: ‘அப்பன் மெஷினை எடைக்கா போடறே? எடைக்கா போடறே?’

என்ற வசனமுங்க அது! அப்பிடியே, ஒரு எழுத்து மாறாம! நான் சொன்னதைத் திருடி வச்சுக்கிட்டு இத்தனை வருசம் கழிச்சு என்மேலயே வீசறான். உட்டேனா நானு? ‘நீ பேசாதேடா, இதை மொதல்ல எடைக்குப் போடச் சொன்னவன் நீதானடா’ன்னேன். ‘அது அன்னைக்கு’ங்கறான். ‘நீ வாங்க வந்தவனையெல்லாம் ஓட்டினே, அதனாலதாண்டா எடைக்குப் போடறேன்’னேன். ‘ஆமா, ஓட்டினேன், இன்னும் ஓட்டுவேன்’ங்கறான். அவன் கத்தறான், நான் கத்தறேன். லோகநாயகி வந்துட்டா, கலாமணி மாடியில இருந்து எறங்கி வந்துட்டா. ரெண்டு பேரும் நடுவுல வந்து தடுப்பாங்கன்னு பாத்தா, ஓரமா உக்காந்து வெங்காயம் உரிக்கறாங்க. பாயி பாவம், மத்தியானம் வரைக்கும் இருந்தாரு. சாப்பாடும் போட்டோம். ‘அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் இன்னொரு நாளைக்கு வர்றேன்’னுட்டுச் சிலிண்டரை உருட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்.

சாயங்காலம் போலத் தொண்டை கட்டினதுக்கு அப்பறம் வெள்ளிங்கிரி சொன்னான், ‘நானே வாங்கிக்கறேன்’னு.

ஆமாங்க. வாங்கினவன் அவன்தான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏண்டா, உன்கிட்ட கம்ப்யூட்டர் மெஷினே ரெண்டு நிக்குது, உனக்கு எதுக்குடா இந்தக் கெழடுன்னேன். ‘பெரிய பெரிய மெஷின் பெட்டு சீவறதுக்கு வெளிய குடுத்துக் கட்டுபடி ஆகலைண்ணா’ங்கறான். ‘பிளேனரை எல்லாரும் எடைக்குப் போட்டுட்டானுக, இப்ப நீளமான ஜாப்பு வந்தா ஊரு முச்சூடும் தேட வேண்டியிருக்குது. ஒத்தை டூலைத் தீட்டி வச்சுட்டு ஓட்டினா இதுல ஆகற செலவு என்ன’ங்கறான். சொல்றதும் நெசம்தான். ஆனாப் பாருங்க, வெலை பேசத் தெரியலை அவனுக்கு. எடை வெலைக்கு முடிஞ்சு போயிருந்த மெஷினுங்க. நான் சும்மா ஒரு பேச்சுக்கு ஓட்டத்துல இருக்கற வெலையைச் சொன்னேன். சரீன்னுட்டான்! பேரம்கூடப் பேசலை. அதுக்கும் மேல, மெஷின் நிக்கற எடத்துக்கு மாச வாடகையும் தர்றேங்கறான். நல்லா ஏமாந்தான். யாவாரம்னா அண்ணன்கிட்டப் படிக்கோணும்.

ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ‘அண்ணா, எனக்கு இதெல்லாம் மறந்து போச்சு. பட்டன் அமுக்கியே பழகிட்டேன். ஒரு மாசம் இருந்து ஓட்டக் காட்டிக் குடுத்துட்டுப் போ’ன்னான். ஒரு மாசந்தான, தைக்குள்ள முடிஞ்சிரும்னு ஒத்துக்கிட்டேன். அங்கதாங்க நான் மாட்டினது.

மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க! இன்னைக்குச் சொன்னா நாளைக்கு மறந்துர்றான். ஜாப்பைக் கட்டச் சொன்னா க்ளாம்பைத் திருப்பிப் போடறான். வலது பக்க டூலை எடுடான்னா இடது பக்கத்தை எடுக்கறான். மேசை எங்க நின்னு திரும்போணும்னு வெக்கறதுக்கு ரெண்டு கட்டை இருக்குது பாருங்க, அதைக் காட்டி எத்தனை நாளு! தை போச்சு, மாசி போச்சு, பங்குனி, சித்திரை எல்லாம் போச்சு. காலையில எட்டு மணிக்கு வந்து, ‘அண்ணா, மறுக்காச் சொல்லு’ன்னு நிக்கறான். கத்திக் கத்தி என்ற பிரசரே ஏறிப் போச்சு. டாக்டரு பாத்துட்டு எறங்கியிருக்குதுங்கறாரு, அவரு மெஷினு சரியில்லை.

போன வாரம் எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க. மாடியிலதான் ஊடு. படுத்துக் கெடக்கறேன், கீழ பிளேனரு ஓடற சத்தம் கேக்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தனியா ஓட்டறானே, எதையாவது ஒடைச்சு வெக்கப் போறானேன்னு போர்வையச் சுத்திக்கிட்டுப் படியில எறங்கறேன். பாதிப் படியில நின்னுட்டேன். சத்தம் சரியா இருக்குதுங்க. டூல் எறங்கற சத்தம், மேசை திரும்பற சத்தம், எல்லாம் அளவா இருக்குது. குனிஞ்சு பாத்தேன். அவன் மட்டும் நிக்கறான். பெரிய பெட்டு ஒண்ணு, அவனே கட்டி, அவனே டூலைத் தீட்டி, அவனே ஓட்டறான். கை அது பாட்டுக்கு லீவருக்குப் போகுது, வருது. சீவின எடத்துல மூஞ்சி பாத்துக்கலாம். சின்ன வயசுல அப்பன் எங்க ரெண்டு பேரையும் இதுல உட்டப்ப, அவன் கைதாங்க கை. எனக்கு அந்தக் கை வரவே இல்லை. அப்பனே சொல்லியிருக்கறாரு.

அப்பிடியே நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, சொல்றதுக்கு என்ன வெக்கம். மாசக்கணக்கா நடிச்சிருக்கறான் பாவி. க்ளாம்பைத் திருப்பிப் போட்டு, என்கிட்டத் திட்டு வாங்கி, மரமண்டைன்னு பேரு வாங்கி. அவனுக்கு இந்த மெஷினா வேணும்? நான் கெளம்பிருவேன்னுதான் இத்தனையும்.

என்ன பண்ணினேன் தெரியுமுங்களா? சத்தமில்லாம நாலு படி மேல ஏறினேன். ஏறி நின்னுக்கிட்டு, நல்லாச் சத்தமா ஒரு இருமல் இருமினேன். செருப்பைத் தட்டினேன். கீழ மெஷின் நின்னுச்சு. சித்த நேரம் குடுத்துட்டு எறங்கிப் போனேன். ஸ்பேனரைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். ‘அண்ணா, இந்தக் கட்டையை எங்க வெக்கறதுன்னு மறுக்கா மறந்து போச்சு’ங்கறான். ‘மரமண்டை, உனக்கு எத்தனை தடவைடா சொல்றது!’ன்னு கத்தினேன். கத்திட்டு, ஸ்விட்சு எது, லீவர் எதுன்னு மொதல்ல இருந்து சொல்லிக் குடுத்தேன். காய்ச்சலோட. அவனும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கிட்டான்.

மகளுக்கு ஃபோன் பண்ணினேன். ‘அம்மிணி, உங்க சித்தப்பனுக்கு இன்னும் புடிபடலை கண்ணு. பொங்கலுக்கு வந்தர்றோம்’னேன். ‘எந்தப் பொங்கலுப்பா?’ன்னு கேட்டா. டவரு சரியாக் கெடைக்கலைன்னு வச்சுட்டேன்.

இருங்க, வண்டிச் சத்தம் கேக்குது. அவன்தான் வர்றான், பீளமேடு வரைக்கும் போயிருந்தான். உங்களுக்கு மெஷின் வேணும்னா அவன்கிட்ட வெலை கேட்டுப் பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆச்சேபணை இல்லை. கேட்டுல மணலு இன்னும் கெடக்குது, பாத்துக்கங்க. ஒண்ணு மட்டும். நான் சொன்னது எதையும் காட்டிக்காதீங்க. ஓட்டத் தெரியுமான்னு கேட்டா, தெரியாது, இப்பத்தான் கத்துக்கறேம்பான். நீங்களும் நம்பினாப்புலத் தலையாட்டிருங்க.